அடுத்த தெரு வழியாக

புனே
8.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கீதா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள், அம்மா இன்றைக்கு எப்படி இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிக்கலாம். என்ன செய்வது, போன் பண்ணினால் மாமாதான் எடுக்கிறார். "உங்க அக்கா துணி துவைச்சிகினு இருக்குதும்மா" என்கிறார். ஒரு மாதமாக நீ துணியேதான் துவைக்கிறாய். ஆரணி முழுக்கத் தேடினாலும் அவ்வளவு அழுக்குத் துணி கிடைக்காது.

நீ ஏன் என்னோடு பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்ட ஒரு கேள்விதான். ரயிலை விட்டு இறங்கி நேரே ஓடிவந்தேன். அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். ஏன் நேரமானது என்று விசாரித்தேன். நம் தெருக் கன்னியம்மாக்கா நெசவுக்குப் பட்டு நூல் பாவைத் தெருவை அடைத்து இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாளாம், நீ ஆட்டோவை அடுத்த தெரு வழியாகத் திருப்பச் சொன்னாயாம், அங்கே கால்வாய் தோண்டிப் போட்டிருந்ததில் மாட்டிக்கொண்டீர்களாம். மாமா சொல்லி முடிப்பதற்குள் நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன்: "தெருவுல ஒரு கத்திரிக்கோல்கூடவா இல்ல?"

டிபன் டப்பாவோடு கன்னியம்மாக்காவும் அங்கேதான் நின்றாள். நீ ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் லீவு முடிந்து நான் ரயிலேறிவிட்டேன்.

அதைக் கேட்டிருக்கக் கூடாது அக்கா. என்னை மன்னித்துவிடு. போனில் வேண்டாம் என்றால் எழுதிப் போடு. நாலு வரி போதும்.

உன் தங்கை,
சங்கீதா


ஆரணி
22.7.2024

அன்புத் தங்கை சங்கீதாவுக்கு, அக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் வீட்டுக்காரரையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

அம்மா நன்றாக இருக்கிறாள். வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. பேச்சும் இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, பார்வையும் நன்றாக இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் குழைந்த சோறு, ராத்திரி இட்லியைப் பாலில் பிசைந்து தருகிறேன். வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்து கைகாலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறாள்.

ஆடி வெள்ளிக்குப் படவேடு அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் சந்தவாசல் பஸ்ஸெல்லாம் பிதுங்கிக்கொண்டு போகிறது. இந்த வருஷம் நாங்கள் போகவில்லை.

நான் தறியில் உட்காருவதில்லை. அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா. உன் மாமா மட்டும் நெய்கிறார்.

நீ சொன்னதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவை விட்டு நகர முடியாது, போனில் பேசவேண்டும் என்றால் கூடத்தில்தான் பேசவேண்டும். அம்மா கூடத்தில்தான் படுத்திருக்கிறாள். அதனால்தான் எடுப்பதில்லை. வேறொன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பரிமளா


புனே
2.8.2024

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதில் என் மனசு பாதி ஆறியது. மீதியை மாமா கெடுத்துவிட்டார்.

நேற்று அவரைக் கொஞ்சம் மிரட்டினேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒரு வேளைதான் சாப்பிடுகிறாயாம். பாய்கூடப் போடாமல் சிமெண்டுத் தரையில் படுக்கிறாயாம். கேட்டால் தலைசுற்றல் என்கிறாயாம். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "உங்க அம்மாவுக்கு ஊட்டறப்போ உங்க அக்கா செவுத்தப் பாத்துகினுதாம்மா ஊட்டுது. கஞ்சியெல்லாம் கழுத்துல வழியுது. நான் ஊட்றேன்னா வுட மாட்டேங்குது."

சௌக்கியம் என்று எழுதினாயே, இதுதான் சௌக்கியமா?

நான் ஒன்று சொல்கிறேன், கடிதத்தைக் கிழிக்காமல் படி. நான் பில்லிங் பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள் ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். மனசு சங்கடப்படும்போது என்ன செய்வது என்று சொல்லித் தருகிறார்கள். பில்லிங் ஆட்கள் எல்லோரையும் அனுப்பினார்கள், நானும் போனேன். முதல் நாள் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் தூங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் இடித்து எழுப்பினாள். இரண்டாம் நாள் அழுதுவிட்டேன். ஏனென்று எனக்கே தெரியவில்லை.

அந்த டீச்சர் சொன்னது இதுதான். கஷ்டமான உணர்ச்சி ஒன்று வந்தால் அதை உதைத்துத் தள்ளவும் வேண்டாம், அதன் பின்னாலேயே ஓடவும் வேண்டாம். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார். அதற்கு ஒரு பெயர் சொல். பயமா, கோபமா, குற்ற உணர்ச்சியா. அங்கே கையை வை. இதே நிலைமையில் உன் சிநேகிதி ஒருத்தி உன்னிடம் வந்து நின்றால் என்ன சொல்வாய் என்று யோசி. அதை உனக்கே சொல்லிக்கொள்.

ஒரு தடவை செய்து பார் அக்கா. மற்ற இரண்டு வேளையும் சாப்பிடு.

உன் சங்கீதா


ஆரணி
19.8.2024

சங்கீதாவுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா.

நெஞ்சில் கை வைத்துக்கொள் என்று எழுதுகிறாய். எனக்குக் கை ஒழிந்தால்தானே. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, துணி மாற்றி நிமிர்வதற்குள் பொழுது போய்விடுகிறது. உன் டீச்சரை ஒரு வாரம் இங்கே வந்து இருக்கச் சொல்.

சிநேகிதியிடம் என்ன சொல்வாய் என்று கேட்கிறாளே, இதைக் கேட்டுவிட்டு அவளே சொல்லட்டும்.

அன்றைக்குக் காலையில் அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. உன் மாமா அரிசி வாங்கக் களம்பூர் போயிருந்தார். நான் ஓடிப்போய் தனசேகரன் ஆட்டோவைக் கூட்டி வந்தேன். அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தெரு பாதி தாண்டுவதற்குள் கன்னியம்மாக்கா வீட்டுப் பாவு. அப்போதுதான் கஞ்சி போட ஆரம்பித்திருந்தாள். பாவு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தனசேகரன் வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னாக்கா பண்றது?" என்றான். "அடுத்த தெரு வழியா போ" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நம் தெருவில் பாவு விரித்திருந்தால் மாப்பிள்ளை ஊர்வலம்கூட அடுத்த தெரு வழியாகத்தான் போகும். பால்காரன், ஸ்கூல் வேன், சாமி பல்லக்கு, எல்லோருக்கும் அதுதான். பாவாடை கட்டின வயதிலிருந்து வருகிற வண்டிக்கெல்லாம் நாம் சொல்லிப் பழகின பேச்சு. மடியில் கிடப்பது அம்மா என்று என் வாய்க்குத் தெரியவில்லை.

நீ கத்திரிக்கோல் கேட்டாய். கத்திரிக்கோலே வேண்டாம் சங்கீதா. முளைக்குச்சியில் கட்டியிருக்கும் கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டால் பாவு தரையில் படுத்துவிடும். ஆட்டோ ஏறிப் போய்விடும். மண் ஒட்டும், இழை சிக்கும், உட்கார்ந்து பிரித்தெடுக்கலாம். வீணானாலும் ஒரு பாவுதான். நீ படித்துவிட்டு வெளியூர் போனவள், உனக்கு அது தெரியாது. நான் தறியிலேயே வளர்ந்தவள், எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

அம்மா என் மடியில்தான் இருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். பேச்சு இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இப்போது அவ்வளவையும் கண்ணில்தான் வைத்திருப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் சுவரைப் பார்க்கிறேன். உன் மாமாவுக்கு ஊட்டத் தெரியாது, அம்மாவுக்குப் புரையேறிவிடும்.

இப்படிப்பட்டவளுக்குப் பாய் எதற்கு, மூன்று வேளைச் சோறு எதற்கு? எனக்கு நானே இரக்கம் காட்டிக்கொள்ளச் சொல்லாதே.

நீ எப்போது வருகிறாய்?

பரிமளா


புனே
28.8.2024

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். வெளியே வர நேரமாயிற்று.

நீ தப்புச் செய்யவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. உன்னிடம் அப்படிச் சொன்னால் கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் போடுவாய். தப்பு நடந்தது. டீச்சரிடம் பெயர் சொல்லாமல் இதைக் கேட்டேன். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. செய்தது தப்பு என்பது ஒன்று, நான் தப்பானவள் என்பது வேறு என்றாள். முதலாவதற்கு ஏதாவது செய்யலாம், இரண்டாவதை வைத்துக்கொண்டு சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்றாள். சுவர் என்று அவள்தான் சொன்னாள். நான் சொல்லித் தரவில்லை.

தன்னிடம் இரக்கம் காட்டுவது என்றால் தன்னைத் தட்டிக்கொடுத்துத் தப்பிப்பது என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். அடிபட்டுக் கிடப்பவளை எழுப்பி உட்கார வைப்பதுதானாம். எழுந்து உட்கார்ந்தால்தானே அடுத்த வேலையைப் பார்க்க முடியும்.

கையை வைக்க நேரம் இல்லை என்றாய். அம்மாவுக்குக் கஞ்சி ஆறுகிறதே, அந்த நேரம் போதும். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நில். உடம்பில் எங்கே கனக்கிறது என்று மட்டும் பார். வேறொன்றும் வேண்டாம்.

இங்கே பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருவெல்லாம் பந்தல் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மேளச் சத்தத்தில் பில்லைக்கூடச் சத்தம் போட்டுத்தான் படிக்கவேண்டியிருக்கிறது. மாமாவுக்கு என் வணக்கம்.

சங்கீதா


புனே
30.9.2024

அக்கா,

சுகமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. மாமாவுக்குப் போன் பண்ணினால் எல்லோரும் இருக்கிறோம் என்கிறார். இருக்கிறோம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடம் வாங்க முடியவில்லை. நீ சொல்லிக்கொடுத்திருப்பாய்.

நான் அதிகப்பிரசங்கித்தனமாக எழுதிவிட்டேனா? புனேயில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு உனக்குப் பாடம் எடுக்க நான் யார். திட்டியாவது ஒரு கார்டு போடு.

சங்கீதா


ஆரணி
14.10.2024

சங்கீதாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு நடுவில் காய்ச்சல், முதுகில் சின்னதாகப் புண். இப்போது ஆறிக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதவில்லை.

நீ சொன்னதை ஒரு நாள் செய்தேன். மேல் வயிற்றில் இருக்கிறது. கல் மாதிரி. பார்த்தேன், அப்படியே இருந்தது. கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது, மறுபடி சூடு பண்ணினேன். இனி பாடம் எழுதாதே.

போன கடிதத்தில் நான் ஒன்று கேட்டேன். நீ எப்போது வருகிறாய் என்று. அதற்கு நீ பதில் எழுதவில்லை.

பரிமளா


ஆரணி
9.11.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

தீபாவளி நல்லபடியாக நடந்ததா? குழந்தை பட்டாசுக்குப் பயப்படாமல் இருந்தானா? இங்கே உன் மாமா அம்மாவுக்குப் புதுப் புடவை எடுத்து வந்தார். கட்டிவிட்டேன். வேறு ஒன்றும் பண்ணவில்லை.

உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சொல்லாமல் இரண்டு நாள் பார்த்தேன், முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கத்தின அன்றிலிருந்து கன்னியம்மாக்கா எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. குழாயடியில் நான் வந்தால் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். நம் தெருவில் அதற்குப் பிறகு யாருமே பாவு விரிப்பதில்லை, தெரியுமா. எல்லோரும் கோயில் மைதானத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பேசி வைத்துச் செய்ததில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. என்னை மூஞ்சியில் அடிக்கத்தான் செய்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் முருங்கைக்கீரையோடு வாசலில் வந்து நின்றாள். பாதியாக இளைத்துப்போயிருந்தாள். "வாக்கா" என்றேன். உள்ளே வந்து அம்மா கட்டிலைப் பார்த்தவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கயித்த அவுத்து வுட்டிருக்கலாமே பரிமளா" என்றாள். "கையில பிரஷ்ஷப் புட்ச்சிகினு மரம் மாரி நின்னுகினு இருந்தேனே. ஆட்டோ திரும்புனப்போ நல்லவேள, பாவு தப்பிச்சிதுன்னு நெனச்சேன். அப்படி நெனச்ச பாவி நானு. உன் தங்கச்சி கேட்டது என்னியத்தான். அது எனுக்குத் தெரியும்."

நீ கேட்ட ஒரு கேள்வி, பார், இரண்டு பேரைப் போய்த் தைத்திருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "வுடுக்கா" என்றேன். "பொறந்ததுல இருந்து பாவத் தொடாதேன்னு வளந்தவ நீ. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் கை நின்னுதான் பூடும். நீ கெட்டவ இல்ல. அஞ்சு மாசமா இத்தயே நெனச்சிகினு பட்னி கெடந்தியா? உன்ன நீயே இப்டி அடிச்சிக்கினா எங்க அம்மாவுக்குக் கையி வந்துடுமா? எந்திரி, மொதல்ல ஒரு வாய் சாப்டு."

சொல்லி வாயை மூடியதும் என் குரல் என் காதிலேயே கேட்டது. யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

உடனே ஒரு வக்கீல் எனக்குள் எழுந்து நின்றான். அவளுக்கு ஆட்டோவில் இருப்பது யாரென்று தெரியாது, உனக்குத் தெரியும், இரண்டும் ஒன்றா என்றான். ஒன்று இல்லைதான். ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். கன்னியம்மாக்கா தெரிந்தே நின்றிருந்தாலும், இப்படி இளைத்துப்போய் வந்து நிலைப்படியில் உட்கார்ந்திருந்தால், நான் அவள் கையை விட்டிருக்க மாட்டேன். தப்பு என்று சொல்லியிருப்பேன், சோறும் போட்டிருப்பேன். அந்த நினைப்பு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஜூன் மாதத்திலிருந்து நான் அழவில்லை, அது உனக்குத் தெரியாது. மேல் வயிற்றில் இருந்த கல் கொஞ்சம் புரண்டு படுத்தது. இருவரும் நிலைப்படியிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதோம்.

அப்போது கட்டில் சட்டத்தை யாரோ தட்டினார்கள். அம்மாதான். இடது கையால் தட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா காதில் விழக் கூடாது என்றுதானே போனைக்கூட எடுக்காமல் இருந்தேன். இப்போது எல்லாவற்றையும் அவள் தலைமாட்டிலேயே பேசி முடித்திருக்கிறோம். அம்மா அந்தக் கையைக் கன்னியம்மாக்கா பக்கம் நீட்டினாள். பிறகு டம்ளரைப் பிடிப்பதுபோல வைத்து வாய்க்குக் கொண்டுபோனாள். வந்தவளுக்கு டீ போட்டுக் கொடு என்கிறாள்.

அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா முதலில் அதைத்தான் சொல்வாள். டீ போட்டேன். அவளுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர், அம்மாவுக்கு ஸ்பூனில் கொஞ்சம்.

முகத்தைப் பார்த்தாயா என்று கேட்காதே. கையைத்தான் பார்த்தேன்.

உன் அக்கா,
பரிமளா


புனே
20.11.2024

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ இரண்டாவது வேளையும் சாப்பிடுகிறாய் என்று மாமா போனில் ரகசியமாகச் சொன்னார். காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அவரிடம் சண்டைக்குப் போகாதே.

எப்போது வருகிறாய் என்று நீ இரண்டு தடவை கேட்டும் நான் பதில் எழுதவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். லீவு இருக்கிறது.

வகுப்புக்கு எல்லோரையும் அனுப்பினார்கள் என்று உனக்கு எழுதினேனே, அது பொய். எங்கள் பில்லிங்கில் என்னை மட்டும்தான் அனுப்பினார்கள். ஊரிலிருந்து திரும்பி வந்த வாரம் கவுன்டரில் ஒரு ஆள் வந்து நின்றார். அவர் அப்பாவுக்கு, நம் அம்மாவுக்கு வந்த அதே வியாதி. அட்மிஷன் நேரத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ, இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எல்லோர் எதிரிலும் அவரைக் கேட்டுவிட்டேன். உன்னை மாதிரியே நின்றார். டெபாசிட் ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் கூப்பிட்டு, வகுப்புக்குப் போ, இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார்.

அந்த ஆளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஆளே இல்லை. நீ இருக்கிறாய், உன்னிடம் கடிதத்தில் கேட்டேன். நேரில் வந்து உன் எதிரில் நிற்கத்தான் கால் வரவில்லை. கன்னியம்மாக்கா என்னைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? அம்மாவிடம் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? நீங்கள் இருவரும் உடைந்துபோய் நின்ற நேரத்தில் கேள்வி கேட்டவள் நான். உனக்கு எழுதிய பாடத்தையெல்லாம் நான் எனக்குச் சொல்லிப் பார்த்தேன் அக்கா. உனக்கு எழுதும்போது வந்த வார்த்தைகள் எனக்குச் சொல்லும்போது வரவில்லை.

கன்னியம்மாக்காவிடம் நீ சொன்னதை எனக்கும் ஒரு தடவை சொல்வாயா? கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

சங்கீதா


ஆரணி
5.12.2024

அன்புத் தங்கை சங்கீதாவுக்கு,

நாங்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம். போன வாரப் புயல் மழையில் போளூர் பக்கம் வயலெல்லாம் முழுகிவிட்டது. நம் தெருவிலும் முழங்கால் தண்ணீர். தறிக்குழியில் தண்ணீர் இறங்காமல் உன் மாமா மண் மூட்டை அடுக்கினார். இப்போது வடிந்துவிட்டது. தபாலும் ஓடவில்லை, உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

நீ கேட்டது சரியான கேள்விதான். கேட்ட இடமும் நேரமும்தான் தப்பு. பதிலையும் வைத்துக்கொள்: நம் தெருவில் எல்லா வீட்டிலும் கத்திரிக்கோல் இருந்தது. நான் கேட்கவில்லை. எழுதிவிட்டேன். நீ அம்மாவை நினைத்துப் பதறி ஓடிவந்தவள். பதறினவள் வாயில் என்ன வரும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ கெட்டவள் இல்லை. அந்த ரசீது வாங்கின ஆளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நீ கெட்டவள் இல்லை. இனி கவுன்டருக்கு யாராவது நேரம் கழித்து வந்தால் முதலில் உட்காரச் சொல். கன்னியம்மாக்கா உன்னை என்ன நினைப்பாள் என்று கேட்டாய். நானே அவளைக் கேட்டேன். "அதுக்கு அம்மா மேல உசிரு, கேட்டுச்சி" என்றாள். அவ்வளவுதான்.

இன்னொன்று. இன்று காலையில் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேல் வயிற்றில் அந்தக் கல் வந்தது. வரட்டும் என்று கையை அதன்மேல் வைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். அம்மா எதிரில்தான் சொன்னேன். பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை சங்கீதா. ஸ்பூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை இந்தப் பக்கம் கொண்டுபோனால் கண்ணும் இந்தப் பக்கம் வருகிறது. அந்தப் பக்கம் கொண்டுபோனால் அந்தப் பக்கம் வருகிறது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே வரும் என்று தேடுகிறாள். ஆறு மாதமாக நான் சுவரைப் பார்த்து ஊட்டியிருக்கிறேன், அவள் ஸ்பூனைத் துரத்தித் துரத்திச் சாப்பிட்டிருக்கிறாள். அவள் கண்ணில் என்னென்னவோ இருக்கும் என்று நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். இருந்தது பசி.

அந்தக் கண்ணில் கோபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு ஒரு நாள் இருக்கலாம், அன்றைக்கும் பார்ப்பேன். இன்றைக்குப் பசிதான் இருந்தது. பார்த்ததும் எனக்குப் புதிதாக ஒரு குற்றம் சேர்ந்தது. அதற்கும் அழுதேன். அழுதுகொண்டே முகத்தைப் பார்த்து ஊட்டினேன். கிண்ணம் காலியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தேன். அதையும் சாப்பிட்டாள்.

பொங்கலுக்குக் காத்திருக்காதே. இந்த மாதமே வா. எந்த முகத்தோடு நிற்பேன் என்று கேட்டாயே, எந்த முகமாக இருந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார். ஒரு வேளை நீ ஊட்டு.

அம்மா கட்டிலைத் தட்டுகிறாள், மத்தியானச் சோற்றுக்கு. போகிறேன்.

உன் அக்கா,
பரிமளா